கோடுகளை நம்பும் கூட்டம்

கம்பியில்லா வீட்டு இணையம் பொருத்த வருவோர் மாடியேறி ஆண்டெனாவைத் திருப்புகிறார்கள். செயலியில் ஐந்து கோடுகள் தெரிந்ததும் 'சிக்னல் ஃபுல்' என்று இறங்கிவிடுகிறார்கள். நிறைந்தது எது என்று நாம் கேட்பதேயில்லை.

ஆர்.எஸ்.எஸ்.ஐ. என்னும் எண், 4ஜி அலைவரிசையில் வந்துசேரும் மொத்த ஆற்றலைச் சொல்வது. அண்டைக் கோபுரத்தின் இடையீடும் இரைச்சலும் அதில் அடக்கம். சந்தையில் எழும் கூச்சலனைத்தையும் அளந்துவிட்டு, பேச்சு தெளிவாகக் கேட்கிறது என்பதைப் போன்றது இது. நமக்கு வேண்டியது எஸ்.ஐ.என்.ஆர்.: நம் அலை, இடையீட்டையும் இரைச்சலையும் எத்தனை மடங்கு விஞ்சுகிறது என்ற விகிதம். 0 டெசிபெல் என்றால் இரண்டும் சமம். 20 என்றால் நூறு மடங்கு. ஆண்டெனாவைச் சற்றே திருப்பும்போது வலிமை 3 டெசிபெல் குறைந்து, அதாவது பாதியாகி, இடையூறு செய்யும் கோபுரம் அதைவிட அதிகமாக ஒடுங்கித் தரம் உயர்வதும் உண்டு. கோடுகளை மட்டும் பார்ப்பவர் அந்தத் திசையைக் கடந்து போய்விடுவார்.

வலிமை, தரம் எனத் தமிழில் இரு சொற்கள் இருக்க, இரண்டையும் 'சிக்னல்' என்ற ஒற்றைச் சொல்லில் கரைத்துவிட்டோம். (விற்பவருக்கு இது வசதி.) மாலை நெரிசலில் இணைப்பு திணறும்போது, 'கோடு நிறைய இருக்கிறதே' என்ற பதில் எடுபடுவது இதனால்தான். பொருத்திய அன்று அளந்த எஸ்.ஐ.என்.ஆர். எண்ணை ரசீதில் எழுதித் தரும்படி இனியாவது கேட்போம்.