லைட்டைச் சரியாப் பிடிடா!

உங்கள் ஊரில் ஒரு லாரிப் பட்டறை இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள்.

பெரிய மெக்கானிக் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பார். அவர் கையில் ஸ்பானர். பக்கத்தில் ஒரு பையன் குந்தி இருப்பான். அவன் கையில் விளக்கு.

"டேய், லைட்டைச் சரியாப் பிடிடா! எங்கேடா பார்க்கிறே?"

இந்தக் குரல் நாமக்கல் லாரிப் பட்டறையிலும் கேட்கும். கோயம்புத்தூர் பம்புப் பட்டறையிலும் கேட்கும். தெருக்கோடி ஸ்கூட்டர் கடையிலும் கேட்கும்.

பையன் மீது என்ன குற்றம்? அரை மணி நேரம் கையைத் தூக்கிப் பிடித்தால் யாருக்கும் கை ஆடும். அவன் தொழில் கற்க வந்தவன். அவனை விளக்குத்தண்டாக நிறுத்தி வைத்திருக்கிறோம். அவன் குந்தி இருக்கிற இடத்தில் இருந்து பார்த்தால் வேலையும் தெரியாது. கை வலிக்க வலிக்க அவன் கற்றுக்கொள்வது திட்டு வாங்குவது ஒன்றைத்தான்!

பையன் இல்லாத கடையில் இன்னும் மோசம். மெக்கானிக் செல்போனைப் பல்லில் கடித்துக்கொண்டு, அதன் வெளிச்சத்தில் போல்ட்டைத் தேடுகிறார்.

ஸ்பானர் செட்டுக்கும் ஜாக்கிக்கும் கணக்குப் பார்க்காமல் பணம் கொடுக்கும் முதலாளி, விளக்கு என்றால் மட்டும் "இருக்கிறது போதுமே" என்கிறார். ஆயுத பூஜை அன்று சுத்தியலுக்கும் ஸ்பானருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். கை விளக்கு மூலையில்தான் கிடக்கிறது. அதுவும் ஒரு கருவிதான். மற்ற எல்லாக் கருவிக்கும் முன்னால் வாங்க வேண்டிய கருவி என்பது என் கட்சி.

உயிருக்கு ஆபத்து

மூலையில் கிடக்கும் அந்த விளக்கை எடுத்துப் பாருங்கள். ஒரு ஹோல்டர், ஒரு பல்பு, அதைச் சுற்றிக் கம்பிக் கூண்டு, நீண்ட ஒயர். ஒயரில் இரண்டு மூன்று இடத்தில் டேப் சுற்றி இருக்கும். அதற்குள் ஓடுவது 230 வோல்ட் மின்சாரம்!

மெக்கானிக் எங்கே படுத்திருக்கிறார்? ஈரத் தரையில். சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது. தலைக்கு மேலே இரும்பு. முதுகுக்குக் கீழே சிமெண்டு. ஒயரின் மேல் ஒரு சக்கரம் ஏறி ரப்பர் கிழிந்திருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியது இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்து அல்ல. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தை 1976-ல் திருத்தியபோதே இதற்கு ஒரு விதி எழுதினார்கள். தொட்டி, குழி, குழாய் போன்ற நெருக்கமான இடத்துக்குள், தக்க பாதுகாப்பு இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கை விளக்கைக் கொண்டு போகக்கூடாது என்றார்கள். தீப்பற்றும் ஆவி இருக்கக்கூடிய இடம் என்றால், பொறி வெளியே வராதபடி செய்த விளக்குதான் கொண்டு போகலாம் என்றார்கள். அது பெரிய தொழிற்சாலைகளுக்கான சட்டம். மூன்று பேர் வேலை செய்யும் தகரக் கொட்டகைக்கு அது எட்டவில்லை. அங்கே முதலாளியின் மனசாட்சிதான் சட்டம்.

பழைய குண்டு பல்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. அது தின்கிற மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சூடாகத்தான் போகிறது. கொதிக்கும் கண்ணாடி மேல் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் பல்பு உடையலாம். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. அது பள்ளத்தில் போய்த் தேங்கி நிற்கும். அந்தப் பள்ளத்தில் பல்பு உடைந்தால்...?

பாட்டரி விளக்கு

இப்போது எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது. நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அந்த நீல வெளிச்சத்தில் இருந்துதான் வெள்ளை வெளிச்சம் எடுக்கிறார்கள். பழைய 100 வாட் பல்பின் வெளிச்சத்தை இது ஏறக்குறைய 13 வாட்டில் கொடுத்துவிடும்.

பட்டறைக்கு நான் சொல்வது, சார்ஜ் செய்யும் பாட்டரி வைத்த எல்.இ.டி. விளக்கு. ஒயரே இல்லை, ஷாக் அடிக்க வழி இல்லை. பின்னால் காந்தம் இருக்க வேண்டும். கொக்கியும் இருக்க வேண்டும். லாரியின் இரும்பில் ஒட்டிவிட்டால் மெக்கானிக்குக் கை இரண்டும் சும்மா இருக்கும். பையனும் எழுந்து வந்து, வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்பான். (பெட்ரோல் டாங்குக்குள் எட்டிப் பார்க்க மட்டும் இதை நம்ப வேண்டாம். அதற்கென்று செய்த விளக்குதான் வேண்டும்.)

விலை? ஒரு லாரி கிளட்ச் பிளேட்டின் விலைகூட ஆகாது.

ஆனால் அட்டைப் பெட்டியில் அச்சடித்திருப்பதை எல்லாம் நம்பிவிடாதீர்கள்! வெளிச்சத்தை அளப்பது லூமன் என்ற கணக்கில். உள்ளங்கை அகல விளக்கில் "10,000 லூமன்" என்று போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்.இ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். உள்ளே இருக்கும் ஒற்றைப் பாட்டரியில் ஏழு வாட் மணிதான் இருக்கும். அந்த விளக்கு சொன்னபடி எரிந்தால் நாலு நிமிஷத்தில் அணைந்துவிடும்! வண்டி வேலைக்கு 300 முதல் 500 லூமன் போதும். அதற்கு மேல் போனால் பளபளப்பான இரும்பில் பட்டுக் கண்ணைத்தான் கூசச் செய்யும்.

வைக்கும் இடம்

விளக்கை எங்கே வைக்கிறோம் என்பது அதன் சக்தியை விட முக்கியம். இரண்டு அடியில் இருக்கும் விளக்கை நாலு அடிக்கு நகர்த்தினால் வெளிச்சம் பாதி ஆகாது, கால் பங்காகிவிடும். கூரையில் எத்தனை டியூப் லைட் போட்டாலும், குனிந்து வேலை செய்கிறவரின் தலை நிழல் வேலையின் மேல்தான் விழும். அதனால்தான் வேலைக்குப் பக்கத்தில் தனி விளக்கு வேண்டும் என்கிறேன். வலது கைக்காரருக்கு விளக்கு இடது பக்கம் இருக்கட்டும்.

விரிசல் தேடும்போது விளக்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத மயிரிழை விரிசல், பக்கவாட்டில் அடிக்கும் வெளிச்சத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும்.

நிறமும் பார்க்க வேண்டும். மட்டமான விளக்கில் சிவப்பு ஒயரும் பழுப்பு ஒயரும் ஒன்றாகவே தெரியும். ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டு, சரி செய்த மோட்டார் ஏன் புகைந்தது என்று தலையைச் சொறிவார்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் போட்டிருக்கும். 100 என்றால் எல்லா நிறமும் உள்ளபடி தெரியும். 80-க்குக் குறைந்ததை வாங்காதீர்கள். மின்சார வேலைக்கு 90 நல்லது.

நிற்பது போல் சுற்றும்!

ஒரு வேடிக்கை. வேடிக்கை என்றா சொன்னேன்? விரலை வாங்கும் வேடிக்கை.

பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். மட்டமான எல்.இ.டி.யும் அப்படித்தான். நம் கண்ணுக்கு அது தெரியாது. நாலு இறக்கை விசிறி ஒன்று நொடிக்கு 25 சுற்றுச் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மினுக்குக்கும் அது கால் சுற்று நகரும். ஒரு இறக்கை இருந்த இடத்துக்குச் சரியாக அடுத்த இறக்கை வந்து நிற்கும். பார்க்கிறவருக்கு விசிறி நின்றுவிட்டது போலவே இருக்கும். கையை நீட்டினால்?

கடையில் வாங்கும்போதே ஒரு பென்சிலை விளக்குக்கு முன்னால் வேகமாக ஆட்டிப் பாருங்கள். பென்சில் ஒரே விசிறியாகத் தெரிந்தால் நல்ல விளக்கு. தனித்தனிப் பென்சிலாகத் தெரிந்தால் லேத்துப் பக்கமோ சாணைக்கல் பக்கமோ அதைக் கொண்டு போகாதீர்கள்.

வயதான மெக்கானிக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருபது வயதுக் கண்ணுக்குப் போதுமான வெளிச்சம் அறுபது வயதுக் கண்ணுக்குப் போதாது. இரண்டு மூன்று மடங்கு வேண்டும். "பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது, இனி வேலைக்கு ஆக மாட்டார்" என்று ஓரம் கட்டுவதற்கு முன்னால், அவர் மேஜையில் இன்னும் ஒரு விளக்கைப் போட்டுப் பார்க்கலாமே!

புது விளக்கு வாங்கப் பத்து நாள் ஆகலாம். அதுவரை பழசுதான் எரியப் போகிறது. உங்கள் வீட்டுக்காரரோ, மகனோ பட்டறைக்குப் போகிறவரா? அந்தக் கை விளக்கை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். ஒயர் ஹோல்டருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். அங்கேதான் முதலில் பிய்யும். டேப் சுற்றி இருந்தால் ஒயரையே மாற்றச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியரில் தானாக மின்சாரத்தை அணைக்கும் கருவி பட்டறையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.