இருமச் சொல்லிப் பாருங்கள்: விலா எலும்பு முறிவின் வலி குறித்து எங்கள் நிலைப்பாடு

தென்னையிலிருந்து விழுந்தவர், கரூர் சாலையில் வண்டியோடு சரிந்தவர், கட்டுத்தறியில் மாடு முட்டியவர், குளியலறையில் வழுக்கிய வயதானவர் என்று கொடுமுடி வட்டாரத்தில் விலா எலும்பு முறிந்து வருகிறவர்களுக்குக் குறைவில்லை. கை முறிந்தால் மாவுக்கட்டு உண்டு, தொடை முறிந்தால் கம்பி வைக்கலாம். விலாவுக்குப் பெரும்பாலும் இரண்டும் கிடையாது. ஒவ்வொரு மூச்சுக்கும் அசைய வேண்டிய எலும்பை யாரும் அசையாமல் நிறுத்தி வைக்க முடியாது. அந்த எலும்பு கூடிச் சேர 6 வாரம் போல் ஆகும், அதுவரை வலியைக் கையாள்வதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. எதைக் கொண்டு கையாள்வது என்ற கேள்விக்கு, இந்த வட்டாரத்தில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள் சேர்ந்த எங்கள் அமைப்பின் பதில் இது. அபினி வகையைச் சேராத மருந்துகளே முதல் படி. அவற்றை வலி எடுத்தபின் அல்ல, மணி பார்த்துத் தர வேண்டும். அவை போதாதபோது அடுத்த படியாக நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, சென்னைக்கோ கோவைக்கோ போகாமல், மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்பதை நோயாளி சொல்லும் வலி எண்ணைக் கொண்டு மட்டும் முடிவு செய்யக் கூடாது. அவர் மூச்சை ஆழ இழுத்து, சளி வெளியே வரும்படி இருமுகிறாரா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இந்த அளவுகோலை நாங்கள் பிடித்துக்கொள்ளக் காரணம் உண்டு. விலா முறிந்தவரை முறிந்த எலும்பு கொல்வது குறைவு. வலிக்குப் பயந்து அவர் மேலோட்டமாக மூச்சு விடுகிறார், இருமலை அடக்குகிறார், நுரையீரலின் அடிப்பகுதி காற்றிழந்து சுருங்குகிறது, தேங்கிய சளியில் கிருமி பிடிக்கிறது. சில நாளில் நிமோனியா. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு இதைக் கணக்காகவே காட்டியது. விலா முறிந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 31 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது, இளையவர்களில் 17 சதவீதம். இறந்தவர்கள் முறையே 22, 10 சதவீதம். முதியவர்களில் கூடுதலாக முறிந்த ஒவ்வொரு விலாவுக்கும் நிமோனியா அபாயம் 27 சதவீதமும் இறப்பு 19 சதவீதமும் ஏறியது. பெரிய விபத்துச் சிகிச்சை மையத்துக்கு வந்தவர்களின் கணக்கு இது. வீட்டில் வழுக்கி ஒரு விலா முறிந்தவருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் 'விலாதானே, தானாக் கூடிரும்' என்று 70 வயதுக்காரரை ஓர் ஊசியோடு வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதும் ஆறுதல் ஆகாது. சாதாரண மார்பு எக்ஸ்ரே ஏறத்தாழ பாதி விலா முறிவுகளைத் தவறவிட்டுவிடும்.

முதல் படியில் பாராசிட்டமால் நிற்கிறது. காய்ச்சல் மாத்திரை என்ற பெயரால் அதற்கு மரியாதை குறைந்துபோனது. அது தோற்பது பெரும்பாலும் கொடுக்கும் முறையால்தான். உடல் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. வீதம், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது சரியான அளவு. 45 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 650 மி.கி. மாத்திரை நான்கு வேளை இதற்குப் பக்கமாக வரும். நல்ல எடையும் நல்ல கல்லீரலும் உள்ளவருக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம். தினமும் குடிப்பவருக்கும் மெலிந்தவருக்கும் அதைக் குறைக்க வேண்டும். நம் மருந்துச் சீட்டுகளில் அதிகம் காண்பதோ அசெக்ளோஃபினாக் 100, பாராசிட்டமால் 325 சேர்ந்த கூட்டு மாத்திரை, காலை ஒன்று இரவு ஒன்று. இதில் நாள் முழுவதற்கும் போய்ச் சேரும் பாராசிட்டமால் 650 மி.கி. மட்டும். நான்கில் ஒரு பங்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, 'பாராசிட்டமால் கேட்கவில்லை' என்று அடுத்த மருந்துக்குத் தாவுகிறோம். இரண்டையும் தனித்தனியாக எழுதுவதே நேர்மையான வழி.

டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், அசெக்ளோஃபினாக் வகை வலிக்கொல்லிகளின் ஆற்றலில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. பாராசிட்டமாலோடு சேர்த்தால் இரண்டில் ஒன்றை மட்டும் தருவதைவிட நன்றாக வலி தணியும். சந்தேகம் சிறுநீரகத்தைப் பற்றியது. இந்தியாவில் வயதுவந்தோரில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு. இதோடு ரத்த அழுத்த மாத்திரையும் நீர் போகும் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு, பங்குனி வெயிலில் மஞ்சள் காட்டில் நின்று உடம்பில் நீர் வற்றிய ஒருவருக்கு டைக்ளோஃபினாக் ஊசியை நாளுக்கு இரண்டாகப் போட்டால் சிறுநீரகம் தாங்காது. (இம்மருந்து கொடுத்த மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இறந்ததால்தான் 2006-இல் கால்நடைகளுக்கு இது தடை செய்யப்பட்டது. நம் மாவட்டத்தின் விளிம்பில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகளுக்கு இந்தக் கதை தெரியும். மனிதச் சிறுநீரகம் கழுகினுடையதைவிடக் கெட்டியானதுதான். அதற்காகச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.) ஆகவே கிரியேட்டினின் பார்க்காமல் 60 வயதைக் கடந்தவருக்கு இவ்வகையை எழுதக் கூடாது. வயிற்றுப்புண், இதய நோய், சிறுநீரகக் குறைபாடு உள்ளவருக்குத் தரவே கூடாது. மற்றவர்களுக்கு 5 முதல் 7 நாள் போதும். மாத்திரை விழுங்க முடிகிறவருக்கு ஊசியால் பெரிய கூடுதல் பலன் இல்லை என்பதையும், ஊசி கேட்டு வருகிறவர் முகம் சுளித்தாலும், சொல்லியாக வேண்டும். இவ்வகை மருந்து எலும்பு கூடுவதைத் தடுக்கும் என்ற அச்சம் பெரும்பாலும் விலங்குச் சோதனைகளிலிருந்து வந்தது. சில நாள் பயன்பாட்டுக்கு அது தடையாக நிற்கும் அளவுக்குச் சான்று இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லிக்னோகெய்ன் ஒட்டுப்பட்டையின் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. தீங்கு குறைவு, விலை அதிகம். காபாபென்டின் புதிய விலா முறிவில் பலன் தரவில்லை என்று 2018-இல் வந்த சிறிய ஒப்பீட்டு ஆய்வு சொன்னது. முதியவர்களுக்கு அது தரும் தள்ளாட்டமோ உறுதியானது. குறைந்த அளவு கெட்டமின், பலமான பல காயங்கள் உள்ளவர்களுக்குக் கண்காணிப்பு வார்டில் உதவலாம். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சுசெட்ரிஜின் என்ற புதிய மாத்திரை பற்றிப் பலர் கேட்கிறார்கள். அனுமதிக்கு ஆதாரமான பெரிய ஆய்வுகள் வயிற்றுத் தோல், கால் பெருவிரல் அறுவைகளுக்குப் பின் நடந்தவை. விலாவுக்கு அதைச் சிபாரிசு செய்ய எங்களிடம் காரணம் இல்லை.

நரம்பை மரக்கச் செய்யும் ஊசியைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். முதுகுத் தண்டருகே மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்தும் எபிடியூரல் முறை நெடுநாளாக உண்டு. 2016-இல் அமெரிக்க விபத்துச் சிகிச்சை மருத்துவர்களின் வழிகாட்டு நெறி அதையும், பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறையையும், அபினி வகையை மட்டும் தருவதைவிட மேலாகக் கருதியது. சான்று வலுவானதல்ல என்பதையும் அதுவே ஒப்புக்கொண்டது. எபிடியூரலுக்கு அனுபவமுள்ள கையும் விடாத கண்காணிப்பும் வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவருக்கு ஆகாது. 2013-லும் 2016-லும் விவரிக்கப்பட்ட இரண்டு புதிய முறைகள் இந்தத் தடைகளைக் குறைத்தன. ஒன்றில் பக்கவாட்டு மார்புத் தசையின் அடுக்கிலும், மற்றொன்றில் முதுகெலும்பை ஒட்டிய தசையின் அடியிலும், அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி மரப்பு மருந்தைப் பரப்புகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 8 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் முதலாவது முறை 210 பேரிடம் சோதிக்கப்பட்டது. நான்கு மணி நேரத்தில் வலி போதிய அளவு தணிந்தவர்கள், வழக்கமான சிகிச்சையில் ஏறத்தாழ 20 சதவீதம், ஊசியும் சேர்த்துப் போட்டவர்களில் 41 சதவீதம். முடிவு 2024-இல் வெளியானது. இதற்கான புப்பிவகெய்ன் மருந்து எந்த அறுவை அரங்கிலும் இருக்கிறது, விலையும் மலிவு. தட்டுப்பாடு ஆளுக்கும் கருவிக்கும்தான். கருவிக்கு நம் நாட்டில் தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வோர் அல்ட்ராசவுண்ட் கருவியையும் வைக்கும் இடத்தோடு பதிவு செய்ய வேண்டும். பெண் சிசுக்களின் கணக்கை மறக்க முடியாத மேற்கு மாவட்டங்களில் வாழும் நாங்கள் அந்தச் சட்டத்தைத் தளர்த்தக் கேட்கமாட்டோம். தோலுக்கு அண்மையில் உள்ளதை மட்டும் காட்டும் கருவியை அவசரப் பிரிவில் வைக்க, கண்காணிப்போடு கூடிய எளிய பதிவு முறை ஒன்றை அரசு வகுக்க வேண்டும் என்று கேட்கிறோம். பெருந்துறையிலும் ஈரோட்டிலும் கரூரிலும் உள்ள அரசு மருத்துவமனைகளில் எந்த நேரமும் இந்த ஊசி கிடைத்தால், கொடுமுடியிலிருந்து அனுப்பும் நோயாளிக்கு அன்றே மூச்சு இழுக்க வரும்.

மார்ஃபின் எளிதில் கிடைக்காத ஊரிலிருந்துகொண்டு அது வேண்டாம் என்பது, எட்டாத பழம் புளிக்கும் கதைதானே என்று எங்களைக் கேட்கலாம். கேள்வி நியாயமானது. அபினி எதிர்ப்பு எழுத்துகளில் பெரும்பாலானவை, அளவுக்கு மீறி எழுதிக் கொடுத்துக் கெட்ட அமெரிக்காவின் அனுபவத்திலிருந்து வந்தவை. நம் வரலாறு நேர் எதிரானது. சட்டப்படி அபினி விளைவிக்கும் இந்த நாட்டில், 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து, புற்றுநோயாளிக்குக்கூட மார்ஃபின் கிடைக்காத காலம் இருந்தது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகும் சிறு மருத்துவமனைகள் அதைத் தொடத் தயங்குகின்றன. அந்தத் தயக்கத்தை நாங்கள் ஆதரிக்கவில்லை. மூன்றுக்கு மேல் விலா முறிந்து, முதல் படி மருந்துகள் கேட்காமல், நரம்பு ஊசியும் கிடைக்காதவருக்கு அளவான மார்ஃபின் மறுக்கப்படக் கூடாது. எங்கள் வாதம் வரிசையைப் பற்றியது. மார்ஃபின் மூச்சு மையத்தை மந்தமாக்கும், தூக்கம் தரும், மலம் இறுகும். விலா முறிந்தவருக்கு மலம் கழிக்க முக்குவது என்ன வலி என்பதை அவரே சொல்லட்டும். மூச்சுக்காகச் சிகிச்சை தேடுகிறவருக்கு, மூச்சை அடக்கும் மருந்து முதலாவதாக வரக் கூடாது. டிராமடாலை அபினி வகையல்ல என்று எண்ணி எழுதுவதும் தவறு. 2018 ஏப்ரல் முதல் அதுவும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. வயதானவருக்கு அது தரும் கிறுகிறுப்பு இன்னொரு விழுதலுக்கும் இன்னொரு விலாவுக்கும் வழி.

அடுத்த மறுப்பு பலர் வீட்டில் எழும். கட்டுப் போட்டால் வலி உடனே குறைகிறதே, புத்தூர்க் கட்டு தலைமுறை தலைமுறையாக இருக்கிறதே என்பார்கள். வலி குறைவது உண்மை. மார்பை இறுக்கினால் விலா அசையாது, அசையாதது வலிக்காது. காற்றும் உள்ளே போகாது. ஒரு காலத்தில் ஆங்கில மருத்துவமும் மார்பைப் பட்டைபோட்டு இறுக்கியது, பின்னர் கைவிட்டது. கை கால் கட்டைப் பற்றி இங்கே நாங்கள் எதுவும் சொல்ல வரவில்லை. மார்பைச் சுற்றி இறுக்கும் கட்டு மட்டும் வேண்டாம். இருமும்போது தலையணையை விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொண்டால் அதே ஆறுதல் கிடைக்கும்.

கடைசியாக, நாள் கணக்கு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. அது காத்த உயிர்களை நாங்கள் அறிவோம். விலா முறிந்தவரின் ஆபத்தோ மூன்றாம் நாளுக்கு மேல்தான் தலை காட்டுகிறது. ஆகவே 65 வயதுக்கு மேற்பட்டவர், மூன்று அல்லது அதற்கு மேல் விலா முறிந்தவர், ஏற்கெனவே நுரையீரல் நோய் உள்ளவர் ஆகியோருக்கு அந்தக் காலவரம்பு ஒரு வாரம்வரை நீள வேண்டும். வீடு திரும்பியவர்களைத் தேடிப் போக 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். அவர்களின் பட்டியலில் விலா முறிந்தவர்களையும் சேர்க்க வேண்டும். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து, மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை ஊதாமல் உள்ளிழுக்கச் சொல்லி, எத்தனை பந்து எழுகிறது என்று பார்த்து, ஒரு முறை இருமச் சொல்ல வேண்டும். காய்ச்சலோ மூச்சிரைப்போ இருந்தாலும், இரும முடியாவிட்டாலும், அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மருத்துவமனையிலிருந்து அனுப்பும் சீட்டில் பாராசிட்டமாலின் நான்கு நேரங்களும், வலிக்கொல்லியை நிறுத்தும் தேதியும், இந்த இரண்டு வருகைகளின் தேதிகளும் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.