நெல் மூட்டை தீனி கேட்காது, பன்றி கேட்கும்!

தோழர்களே, செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு ஒரு தடவை போனவங்களுக்குத் தெரியும். நெல்லுக்கு விலை பத்தலன்னா மூட்டையை குடோன்ல இருப்பு வைச்சு, பொருளீட்டுக் கடன் வாங்கிட்டு விவசாயி கொஞ்ச நாள் காத்திருக்கலாம். அதுலயும் ஆயிரம் குறை இருக்கு, அது தனிப் பதிவு. ஆனா வழின்னு ஒண்ணு இருக்கு.

அதே செஞ்சி பக்கம் பன்றி வளர்க்கிறவர் என்ன செய்வார்? 100 கிலோ வந்த பன்றியை வியாபாரி "இப்ப வேணாம், மார்க்கெட் டவுன்"னு தள்ளிவிட்டா எந்த குடோன்ல வைப்பார்? தினமும் ரெண்டு மூணு கிலோ தீனி போட்டே ஆகணும். அந்த எடைக்கு மேல கொழுப்பு அதிகமா ஏறும். விலை இறங்குற அன்னைக்கும் செலவு நிக்காது. கடைசியில வியாபாரி சொன்னதுதான் ரேட்டு.

"மானியம் தர்றோமே"ன்னு முட்டு கொடுக்க வருவாங்க. தேசிய கால்நடை இயக்கத்துல பன்றிப் பண்ணைக்கு 50 சதவீதம், அதிகபட்சம் 30 லட்சம் இருக்கு. உண்மைதான். ஆனா அது பண்ணை ஆரம்பிக்க! ஆரம்பிச்சவன் விழுந்தா யார் தூக்குவா? நெல்லுக்கு ஆதரவு விலை. தக்காளி, வெங்காயத்துக்கு சந்தைத் தலையீட்டுத் திட்டம்னு பேருக்காவது ஒண்ணு. பன்றிக்கு ரெண்டும் கிடையாது.

2022 ஜூலை ஞாபகம் இருக்கா? வயநாட்டுல ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். வெளிமாநிலப் பன்றி உள்ளே வரக்கூடாதுன்னு கேரளா தடை போட்டுச்சு. அதைத் தப்பு சொல்லல, பன்றிக் கூட்டத்தையே அழிக்கிற நோய் அது. (மனுஷங்களுக்குப் பரவாது, வாட்ஸப் வதந்தியை நம்பாதீங்க.) நோயைத் தடுக்க அரசே கொன்னு புதைச்ச பன்றிக்கு, எடையைப் பொறுத்து 2,200 ரூபாய்ல இருந்து 15,000 வரை இழப்பீடு உண்டு. மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதி. சரி, நோயே வராத பண்ணையில, எல்லை மூடினதால விற்க முடியாம நின்ன பன்றிக்கு எவ்வளவு? பூஜ்ஜியம். செத்தாதான் இவங்க கணக்குல வரும் போல!

2021ல சீனாவுல விலை சரிஞ்சப்போ அரசே பன்றி இறைச்சியை வாங்கிக் கையிருப்பு வைச்சுது. இங்க பன்றின்னு சொன்னாலே முகம் சுளிப்பு. யார் வளர்க்கிறாங்கன்னு பாருங்க, ஏன் சுளிக்கிறாங்கன்னு புரியும்.

நாம கேட்கிறது இலவசம் இல்ல. சந்தைத் தலையீட்டுத் திட்டத்துல பன்றியைச் சேர். அரசே எல்லையை மூடினா, திறக்கிற வரைக்கும் தீனிச் செலவைக் கொடு, கடன் தவணையை நிறுத்தி வை.

கால்நடைத் துறை அமைச்சர் அடுத்த தடவை பண்ணை மானிய போட்டோ போட்டதும் எல்லாரும் கீழே போய் மரியாதையா ஒரே கேள்வி கேளுங்க: "விலை விழுந்த மாசம் என்ன கொடுத்தீங்க?"

#பன்றிவளர்ப்பும்_விவசாயமே #செஞ்சி