மூத்த குடிக்கு முதுமைத் திட்டம் எங்கே?

மக்கள்தொகையைக் குறைத்துக்கொள்ளுமாறு தில்லி கேட்டது. தமிழ்நாடு குறைத்துக்கொண்டது. கேட்டவர் சொல்லை மதியாது பெருக்கிக்கொண்ட மாநிலங்கள் இன்று இளமையோடு இருக்கின்றன. சொன்னதைச் செய்த தமிழ்நாடு முதுமை எய்திக்கொண்டிருக்கின்றது. இம் முதுமையைத் தாங்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவிற்குத் தில்லியிடம் விடையில்லை. சென்னைக் கோட்டையிலும் முழு விடை இல்லை.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 அகவை நிறைந்தோர் 10.4 விழுக்காட்டினர், தொகையாகச் சொன்னால் ஏறத்தாழ 75 இலக்கம் பேர். அதே ஆண்டில் இந்திய அளவு 8.6 விழுக்காடே. நடுவணரசு அமைத்த வல்லுநர் குழு 2020-இல் வெளியிட்ட முன்கணிப்பின்படி, தமிழ்நாட்டில் முதியோர் பங்கு 2021-இல் 13.6 விழுக்காடு, 2031-இல் அது 18.2 விழுக்காடாகும். 2021-இல் பீகாரின் அளவு 7.7, உத்தரப்பிரதேசத்தின் அளவு 8.1. ஒரே ஆட்சியின்கீழ் இருப்பினும் இவை ஒரே அகவையுடைய நாடுகள் அல்ல என்பதை இவ் வெண்களே காட்டும்.

இம் மாற்றத்தின் விரைவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிரெஞ்சு நாட்டில் 65 அகவை கடந்தோர் 7 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாக உயர்வதற்கு நூறாண்டிற்கு மேல் ஆயிற்று. அந் நாடு முதலில் செல்வம் சேர்த்தது. பிறகே முதுமை எய்தியது. தமிழ்நாடோ செல்வம் சேர்க்குமுன்பே முதுமை எய்துகின்றது. பெண்கள் கல்வி பெற்றனர். திருமண அகவை உயர்ந்தது. பள்ளியில் உணவு கிடைத்தது. ஊர்தோறும் மருத்துவ நிலையம் வந்தது. பிறந்த குழந்தை பிழைத்தது. ஆகவே மிகுதியாகப் பெறவேண்டிய தேவை குறைந்தது. 2019-21 நலவாழ்வு அளவாய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்ணொருத்திக்குப் பிறக்கும் குழந்தைகள் 1.8 மட்டுமே. இது தமிழ்ப் பெண்கள் ஈட்டிய வெற்றி. அவ் வெற்றியின் மறுபக்கமே முதுமை. அதை முன்னறிந்து ஏற்பாடு செய்வதே அரசின் வேலை.

அவ் வேலைக்கென ஓர் அமைப்பு இல்லாமலில்லை. 1971-ஆம் ஆண்டு மே திங்களில், கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, மாநிலத் திட்டக்குழு தோற்றுவிக்கப்பட்டது. தில்லித் திட்டக்குழுவின் கையை எதிர்பாராமல் தமிழ்நாடு தனக்கெனத் தானே சிந்திக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் அக் குழு சட்டத்தால் அமைந்ததன்று, அரசாணையால் அமைந்தது. அது அறிவுரை கூறலாம். செயற்படுத்துமாறு கட்டளையிட இயலாது. ஆட்சி மாறினால் உறுப்பினர் மாறுவர். 2020-இல் அதன் பெயரே மாற்றப்பட்டது. ஐந்தாண்டிற்கு ஒருமுறை தன் நிலைப்பையே எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு குழு, முப்பதாண்டுகட்குப் பின் வரப்போகும் முதுமைக்கு எவ்வாறு திட்டம் தீட்டும்?

திட்டம் தீட்டுவதற்குக் கணக்கு வேண்டும். அதுவும் கையில் இல்லை. 2021-இல் எடுக்கவேண்டிய மக்கள்தொகைக் கணக்கை நடுவணரசு எடுக்கவில்லை. 2027 மார்ச்சு முதல் நாளைக் கணக்கு நாளாகக் கொள்ளும் அறிவிப்பு 2025-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தீட்டிய திட்டம் ஒவ்வொன்றும் 2011-ஆம் ஆண்டின் எண்ணையோ, அதிலிருந்து கணித்த எண்ணையோ பற்றிக்கொண்டு நின்றது. 2011-இல் 50 அகவையில் தறியில் அமர்ந்திருந்தவன் அப் பட்டியலில் உழைப்பாளி. 2021-இல் அவனுக்கு 60 அகவை. எனினும் பட்டியலில் அவன் இன்னும் உழைப்பாளியே.

வைகையின் வடகரையில் உள்ள செல்லூரை எடுத்துக்கொள்க. மதுரைத் தறித்தெருக்களுள் பெயர்பெற்றது அது. குழித்தறியில் அமர்ந்து மிதிபலகையை ஆண்டாண்டாக மிதித்த கால் 50 அகவையிலேயே மூட்டுவலி கொள்கின்றது. அறுந்த இழையைத் தேடிப் பிணைத்த கண் மங்குகின்றது. நெசவாளிக்குக் கூலி திங்கள் கணக்கில் இல்லை; நெய்து கொடுத்த அளவிற்கே கூலி. ஆகலின் கை தளரும்போது கூலியும் தளரும். அலுவலகத்தில் இருப்பவனுக்கு ஓய்வு பெறும் நாள் என ஒன்றுண்டு, மாலையிட்டு வழியனுப்புவர். நெசவாளிக்கு அந் நாள் வருவதே இல்லை. தறியைவிட்டு எழுந்தவன் தார் சுற்ற அமர்கிறான். அவன் மனைவியோ இளமை முதலே தார் சுற்றியவள். அவள் உழைப்பு அவன் கூலிக்குள் கரைந்து போயிற்று. கூலிக் கணக்கில் அவளுக்குப் பெயரே இல்லை. பெயரில்லாத உழைப்பிற்கு ஓய்வூதியம் எங்ஙனம் வரும்?

கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராய் இருந்த நெசவாளர்க்கு முதுமைக்கால ஓய்வூதியம் உண்டு. நலவாரியத்தில் பதிந்தவர்க்கும் உண்டு. இரண்டிலும் சேராதவர் வருவாய்த்துறையின் முதியோர் உதவித்தொகையை நாடவேண்டும். அது 1962-இல், காமராசர் ஆட்சியில், திங்களுக்கு 20 உருபாவெனத் தொடங்கியது. இந்தியாவில் பல மாநிலங்கள் எண்ணியும் பாராத காலத்தில் தமிழ்நாடு செய்த நற்செயல் அது. படிப்படியாக உயர்ந்து 2023 ஆகத்தில் அது 1,200 உருபாவாயிற்று. அதன்படி நாளொன்றுக்கு 40 உருபா. அதைக் கொண்டு இருவேளை உணவு கொள்வதா, மருந்து வாங்குவதா, வாடகை கொடுப்பதா என்பதை உதவித்தொகையை வரையறுத்தவர்களே சொல்லவேண்டும்.

தொகையினும் கொடியது, அதற்கென விதிக்கப்பட்ட தகுதி. துணையற்றவர், வறியவர் என மெய்ப்பித்தாலன்றி அப் பணம் கிடைப்பதில்லை. அறுபது ஆண்டு உழைத்த ஒருவர், தம்மைப் பெற்ற பிள்ளையே புறக்கணித்தான் என்று அலுவலர் முன் சொல்லி நிற்கவேண்டும். மகனும் அதே தறியில் அதே கூலியில் இருக்கின்றான். தன் பிள்ளைகளுக்கே போதாமல் தவிக்கின்றான். அவன் அன்பில்லாதவன் அல்லன், பொருளில்லாதவன். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பேணுகைச் சட்டம், மகன்மீது கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வழக்கிட வழிசெய்தது. உள்ளவன் கொடாதபோது அச் சட்டம் பயன்படும். இல்லாதவனை வழக்கிற்கு இழுப்பதால் தாயின் கலத்தில் சோறு விழுமா? குடும்பத்தின் தலையில் கடமையை ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வதற்கு அறம் என்று பெயரிடலாகாது.

தில்லியின் பங்கு எவ்வளவு? அறுபது முதல் எழுபத்தொன்பது அகவை வரையுள்ள வறியவர்க்கு அது வகுத்த பங்கு திங்களுக்கு 200 உருபா. நாளொன்றுக்கு 7 உருபாவிற்கும் குறைவு. 2007-இல் வகுத்த அத் தொகை, விலைவாசி பலமடங்கு ஏறிய பின்னும் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்தது. திட்டங்களுக்குப் பெயர் சூட்டுவதில் மட்டும் தில்லிக்குக் குறைவில்லை. ‘அடல் வயோ அபியுதய யோசனா’ என்று ஒன்று; 70 அகவை நிறைந்தோர்க்கென 2024-இல் வந்த மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு ‘ஆயுசுமான் வய வந்தனா’ என்று பெயர். உச்சரிக்கவே இயலாத ஒன்றைச் செல்லூர்ப் பாட்டி எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பாள்? தனக்குரியது இன்னதெனத் தன் மொழியில் அறியாதவனுக்கு உரிமை இருந்தும் இல்லாததே.

இதனினும் பெரிய இழப்பு வேறொன்று. 1962-இல் மக்களவையில் தமிழ்நாட்டிற்கு 41 இடங்கள். 1967 முதல் 39. மக்கட்பெருக்கம் குறைந்ததற்குக் கிடைத்த பரிசு அது. வரிப்பங்கீட்டிலும் அதே கதையே. ஒன்பதாம் நிதிக்குழு காலத்தில் 7.931 விழுக்காடாக இருந்த தமிழ்நாட்டின் பங்கு, பதினைந்தாம் நிதிக்குழு வகுத்த 2021-26 காலத்தில் 4.079 விழுக்காடாயிற்று. மக்கட்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியதற்கென அக் குழு 12.5 விழுக்காட்டு எடை அளித்தது உண்மையே. ஆனால் முதியோர் தொகைக்கென ஓர் அளவுகோலும் அதில் இல்லை. குழந்தைகளைக் குறைத்ததற்கு ஒரு கைப்பிடி கொடுத்துவிட்டு, அதனால் விளைந்த முதுமையைக் காணாததுபோல் நடிப்பது கணக்குமன்று, முறையுமன்று.

தில்லியைக் குறைகூறுவதோடு தமிழ்நாட்டு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. தன் கைக்குள் உள்ளதை அது செய்திருக்கின்றதா? சில நற்செயல்கள் உண்டு. 1978-இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனிப் பிரிவு தோன்றியது. இந்தியாவில் அதுவே முதல். 2021 ஆகத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ குருதியழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மருந்தை வீட்டு வாயிலிலேயே கொண்டு சேர்த்தது. படுக்கையில் கிடப்போர்க்கு வலிதணிக்கும் பணியையும் செய்தது. 2025 ஆகத்தில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டம் 70 அகவை கடந்தோர் வீட்டிற்கே பங்கீட்டுப் பொருளைக் கொண்டு சென்றது. இவை பாராட்டிற்குரியன.

எனினும் அளவையும் பார்த்தல் வேண்டும். பகற்பொழுதில் முதியோரைப் பேணும் ‘அன்புச்சோலை’ நிலையங்கள் 25 அமைக்கப்படும் என்று 2025-26 வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. மதுரையும் அவற்றுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. தமிழ்நாடு முழுமைக்கும் 25. மதுரை மாநகராட்சியில் மட்டும் 100 வட்டங்கள் உள்ளன. முதியோர்க்கான பெரிய மருத்துவ நிலையம் 2024-இல் சென்னைக் கிண்டியில் திறக்கப்பட்டது. முதுமை சென்னையில் மட்டுமா வருகின்றது? வீடுதேடி மருந்து கொண்டுசெல்லும் பெண்களுக்கோ ‘தன்னார்வலர்’ என்று பெயர். முதியோரைப் பேணும் வேலையை வீட்டில் மருமகள் கூலியின்றிச் செய்கின்றாள். தெருவில் இன்னொரு பெண் குறைகூலிக்குச் செய்கின்றாள். பெண்ணின் முதுகின்மேல் ஏற்றிய திட்டம் நெடுநாள் நில்லாது.

2024 அக்தோபரில் மதுரையில் கொட்டிய பெருமழையில் செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இளையவர் மாடியேறலாம்; உறவினர் வீட்டிற்குச் செல்லலாம். படுக்கையைவிட்டு எழ இயலாதவர் என்செய்வார்? எந்தத் தெருவில், எந்த வீட்டில், யார் நடக்க இயலாதவர், யார் தனித்து வாழ்பவர் என்னும் பட்டியல் வட்டந்தோறும் இருத்தல் வேண்டும். கோட்டையில் இருந்து தீட்டும் திட்டத்தில் விழுக்காடுகள் இருக்கும். வீட்டு எண் இராது.

பிறர் செய்வதைப் பார்த்தாவது அறிந்துகொள்ளலாம். அண்டையிலுள்ள கேரளம் 2025 மார்ச்சில் முதியோர் ஆணையத்திற்கெனச் சட்டமே இயற்றியது. இந்தியாவில் அதுவே முதலாவது. முதியோரின் உரிமை, நலம், மறுவாழ்வு ஆகியவற்றிற்குச் சட்டத்தின் பெயரால் ஒரு வாயில் அங்குத் திறந்தது. சப்பான் 2000-இல் முதியோர் பேணுகைக் காப்பீட்டை நடைமுறைப்படுத்தியது. 40 அகவை நிறைந்தவர் யாவரும் அதற்குப் பங்கு செலுத்துவர். எஞ்சிய பாதியை வரிப்பணம் ஈடுசெய்யும். அதை நடத்துவது தலைநகரன்று, ஊராட்சியும் நகராட்சியுமே. பேணுகை அங்கு இரக்கத்தால் கிடைப்பதன்று. செலுத்திய பங்கிற்குரிய உரிமை.

எனவே தமிழ்நாட்டு அரசு செய்யவேண்டியன தெளிவாக உள்ளன. முதியோர் ஆணையம் சட்டத்தால் அமைதல் வேண்டும். அதில் நெசவாளர், உழவர், மீனவர், வீட்டுப் பணிப்பெண்டிர் ஆகியோருள் மூத்தோர்க்கு இடம் வேண்டும். தில்லிக் கணக்கிற்குக் காத்திராமல் வட்டந்தோறும் முதியோர் பட்டியலை உள்ளாட்சியே எடுத்தல் வேண்டும். உதவித்தொகை துணையற்றவர் என்னும் சான்றிலிருந்து விடுபட்டு, உழைத்தவர்க்குரிய ஓய்வூதியமாக, விலைவாசியோடு உயர்வதாக அமைதல் வேண்டும். கூலிக் கணக்கில் பெயரில்லாத பெண்ணின் பெயர் அதில் முதலில் எழுதப்படல் வேண்டும். வட்டத்திற்கு ஒரு பகற்பேணுகை நிலையம் வேண்டும். அங்குப் பணிசெய்வோர்க்கு முறையான ஊதியம் வேண்டும். விண்ணப்பம் முதல் மருந்துச் சீட்டு வரை யாவும் தமிழில் இருத்தல் வேண்டும்.

இவற்றிற்குப் பொருள் எங்கே என்று கேட்பர். தமிழ்நாட்டில் தண்டும் வரி தமிழ்நாட்டிலேயே தங்குமாயின் அவ் வினாவே எழாது. முதியோர் தொகையை வரிப்பங்கீட்டின் அளவுகோலாக்க வேண்டும் என்னும் கோரிக்கையைத் தமிழ்நாடு உரக்க எழுப்புதல் வேண்டும். அது இரந்து கேட்பதன்று. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது.

புறநானூற்றில் முதுமையைப் பாடிய புலவர் ஒருவரின் இயற்பெயர் யாருக்கும் தெரியாது. ஊன்றிய கோலைக் கொண்டே அவரைத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று தமிழர் அழைத்து வந்துள்ளனர். பெயர் மறைந்தபோதும் அவர் பாட்டைத் தமிழினம் ஈராயிரம் ஆண்டு காத்தது. இன்று தெருவில் கோலூன்றி நடக்கும் மூத்தோரின் பெயரைக்கூட அரசின் பட்டியல் அறியாது. மூத்த குடி என்று மேடைதோறும் முழங்குவோர், அக் குடியின் மூத்தோர் இன்றிரவு உண்டனரா என்பதை முதலில் கேட்டறிக. அவ் வினாவைத் தம் வட்ட உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் விடாது கேட்பது ஒவ்வொரு தமிழனின் கடமையாகும்.