விரைவுச்சாலையும் மோட்டார் சைக்கிளும்: 80 என்ற எண்ணை முன்வைத்து

பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையில் மோட்டார் சைக்கிள்களை ஏறவிடாதது சரியே என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். உயிரைக் காப்பதற்கான தடையை எதிர்ப்பானேன் என்பது அவர்கள் கேள்வி. அவர்களில் ஒருவர், "சீனாவைப் பாருங்கள், அங்கே விரைவுச்சாலையில் ஒரு மோட்டார் சைக்கிளாவது ஏற முடியுமா?" என்றும் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது. ஆகவே சீனாவிலிருந்தே தொடங்குகிறேன்.

சீனாவின் சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம் 2004 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விரைவுச்சாலையில் யார் நுழையக் கூடாது என்பதை அதன் 67ஆம் பிரிவு பட்டியலிடுகிறது: பாதசாரிகள், இயந்திரமற்ற வண்டிகள், டிராக்டர்கள், இன்னும் சில கனரக வகைகள், இவற்றோடு மணிக்கு 70 கிலோமீட்டருக்குக் குறைவான உச்சவேகத்துக்கு வடிவமைக்கப்பட்ட எந்த மோட்டார் வாகனமும். இந்தப் பட்டியலில் மோட்டார் சைக்கிள் என்ற சொல்லே இல்லை. அதுமட்டுமன்று, அச்சட்டத்தின் நடைமுறை விதிகள் விரைவுச்சாலையில் மோட்டார் சைக்கிள் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. இருசக்கர மோட்டார் சைக்கிளில் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது என்றும் சொல்கின்றன. ஏறவே முடியாத வண்டிக்கு யாரும் வேக வரம்பு எழுதிவைப்பதில்லை. ஒரு திசையில் இரண்டு தடங்கள் இருந்தால், இடப்புறத் தடத்தில் செல்பவர் குறைந்தது 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும் என்ற விதியும் உண்டு. அதாவது 80இல் செல்லும் மோட்டார் சைக்கிளின் இடம் எது என்பதுவரை சட்டம் யோசித்திருக்கிறது.

நண்பர் சொன்னது பொய்யா என்றால், அதுவும் இல்லை. பல மாகாணங்கள் சாலையின் நிலைமையைக் காரணம் காட்டித் தத்தம் எல்லைக்குள் தடை விதித்திருக்கின்றன. நகரங்களோ இன்னும் ஒருபடி மேலே போயின. குவாங்சோ 2007 ஜனவரி 1 முதல் நகர்ப் பகுதியிலிருந்தே மோட்டார் சைக்கிளை அகற்றியது. ஆக, நடுவண் சட்டம் திறந்துவைத்த கதவைச் சுங்கச்சாவடியில் நிற்கும் அறிவிப்புப் பலகை மூடுகிறது. சீன மொழியில் விரைவுச்சாலைக்குப் பெயர் 'காவ்சூ கொங்லூ'. 'காவ்சூ' என்றால் உயர்வேகம், 'கொங்' என்றால் பொது, 'லூ' என்றால் வழி. பெயரின் நடுவில் 'பொது' உட்கார்ந்திருக்கிறது. மொழியியல் படித்தவனுக்கு இதைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை, பொறுத்துக்கொள்க.

இனி நம் கதை. இந்தியாவில் 2018 ஏப்ரலில் வெளியான வேக வரம்பு அறிவிக்கை விரைவுச்சாலையில் கார்களுக்கு 120 என்றது. மோட்டார் சைக்கிள்களுக்கு? 80. சீன விதியில் உள்ள அதே எண். இங்கும் ஏட்டில் வரம்பு இருக்கிறது, சாலையில் இடமில்லை. யமுனா விரைவுச்சாலை போன்ற சில சாலைகளில் கட்டணம் செலுத்தி மோட்டார் சைக்கிளில் செல்லலாம். மும்பை–புனே விரைவுச்சாலையில் செல்ல முடியாது. ஒரே நாடு, ஒரே வேக விதி, ஆனால் உள்ளே விடுவதும் விடாததும் சாலைக்குச் சாலை மாறுகிறது.

அந்த அறிவிக்கையில் பலர் கவனிக்காத இன்னொரு 80 இருக்கிறது. சரக்கு லாரிகளுக்கும் விரைவுச்சாலையில் வரம்பு 80தான். என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. 2023 ஜூலையில் பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையின் முதன்மைத் தடத்துக்குத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் தடை அறிவித்தபோது (ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது) சொல்லப்பட்ட காரணம் வேக வேறுபாடு. விரைந்து செல்லும் வாகனங்களுக்கிடையே மெதுவாகச் செல்லும் வாகனங்கள் ஆபத்தில் சிக்குகின்றன என்றார்கள். பட்டியலில் மோட்டார் சைக்கிள், ஆட்டோ, டிராக்டர், இயந்திரமற்ற வண்டிகள், பல அச்சு கொண்ட ஹைட்ராலிக் டிரெய்லர் எல்லாம் அடுத்தடுத்து நின்றன. பாவம், குவாட்ரிசைக்கிள் என்ற சின்ன நான்கு சக்கர வண்டிகூடத் தப்பவில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பொருள்களை ஒரே பட்டியலில் வைத்தால், படிப்பவர் மனம் அவற்றுக்கிடையே ஒரு பொதுப்பண்பைத் தானாகவே உண்டாக்கிக்கொள்ளும். மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் எழுதப்பட்டதனாலேயே மோட்டார் சைக்கிள் 'மெதுவான வண்டி' ஆகிவிட்டது. 80இல் செல்லும் லாரி மெதுவானது இல்லை என்றால், 80இல் செல்லும் மோட்டார் சைக்கிள் மட்டும் எப்படி மெதுவானது ஆகும்?

உண்மையான காரணம் வேறு. லாரி ஓட்டுநரைச் சுற்றி இரும்பு இருக்கிறது. மோட்டார் சைக்கிள்காரரைச் சுற்றிக் காற்றுதான். அவர் மெதுவானவர் இல்லை, காப்பற்றவர். இந்த இரண்டு சொற்களும் இரண்டு வேறு கொள்கைகளுக்கு இட்டுச்செல்கின்றன. மெதுவானவர் என்றால் விலக்கி வைப்பது தீர்வு. அவரால் பிறருக்கு இடைஞ்சல். காப்பற்றவர் என்றால் அவருக்கு என்ன காப்பு தரலாம் என்பது கேள்வி. நம் அறிவிக்கைகள் முதற்சொல்லைத் தேர்ந்தெடுத்து இரண்டாம் கேள்வியிலிருந்து தப்பித்துக்கொள்கின்றன.

காப்பற்றவர்கள் எத்தனை பேர்? 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் சுமார் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அதே ஆண்டில், விரைவுச்சாலைகளையும் சேர்த்துத் தேசிய நெடுஞ்சாலைகளில் நிகழ்ந்த இறப்புகள் மொத்தத்தில் 36 விழுக்காட்டுச் சொச்சம். மிச்சம் எல்லாம் மாநில நெடுஞ்சாலைகளிலும் ஊர்ச் சாலைகளிலும். விரைவுச்சாலையிலிருந்து திருப்பி அனுப்பப்படும் மோட்டார் சைக்கிள் ஆவியாகி மறைவதில்லை. நடுத்தடுப்பு இல்லாத, எதிரே லாரி வரும், இரவில் விளக்கில்லாத ஒரு சாலைக்குப் போகிறது. அங்கே ஏற்படும் சாவு விரைவுச்சாலையின் கணக்கில் எழுதப்படுவதில்லை. மைசூருச் சாலையில் தடைக்குப் பின் இறப்புகள் குறைந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேகத்தைப் பிடிக்கும் கருவிகளோடு காவல்துறை அந்தச் சாலையில் இறங்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துப் பார்க்காமல், முழுப் புகழையும் தடைக்கே கொடுக்கிறோம்.

கோரமண்டலிலிருந்து பார்த்தால் இது வெறும் விதி விவாதமாகத் தெரியாது. 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு தங்கவயலின் பிழைப்பு பெங்களூருக்குப் போய்த் திரும்புவதாகிவிட்டது. மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஆட்களை அள்ளிக்கொண்டு பங்காரப்பேட்டை வழியாகப் போகிறது. சுரங்கக் கம்பெனிக்காக 1894இல் போட்ட கிளைப்பாதை அது; இன்று கம்பெனி இல்லை, பாதை ஊருக்கு ஆகிவிட்டது. ஆனால் ரயிலின் நேரத்துக்குள் அடங்காத வேலைகள் பெருகிவிட்டன. இரவுக் காவல், கிடங்கு வேலை, உணவு விநியோகம், மருத்துவமனைப் பணிமுறை. நள்ளிரவில் வேலை முடிகிறவருக்கு இருப்பது 100 சிசி வண்டி ஒன்றுதான். ஹோசகோட்டையிலிருந்து மாலூர், பங்காரப்பேட்டை வழியாகப் பேத்தமங்கலம்வரை சுமார் 70 கிலோமீட்டருக்குப் புதிய சாலை நீள்கிறது. 2024 டிசம்பரிலேயே வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. அதன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பழைய மாலூர்ச் சாலைக்குத் திரும்புகிறார் அவர்.

"அது முற்றிலும் புதிய தடம். பழைய சாலையை யாரும் பறிக்கவில்லையே, பிறகு என்ன இழப்பு?" என்று கேட்கலாம். எதிர்வாதங்களில் வலுவானது இதுதான். மைசூருச் சாலையில் பழைய பாதையே அகலப்படுத்தப்பட்டது, ஆகவே பக்கத்தில் சர்வீஸ் ரோடு போட்டாக வேண்டியிருந்தது. இங்கோ வயலுக்கு நடுவே புதிதாகப் போட்டதால் அந்தக் கடமை எழவில்லை. ஆனால் வயல் யாருடையது? நிலம் கொடுத்த ஊர்கள், சாலையின் இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் காடும் ஆன ஊர்கள், சுரங்கவழி எங்கே இருக்கிறதோ அதுவரை சுற்றிப் போகின்றன. அந்த ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் நிற்கும் வாகனம் மோட்டார் சைக்கிள்தான். சாலையோடு இணைகோடாக ஓர் ஊர்ப்பாதைகூட இல்லாதபோது, வேலி எங்கே விலகியிருக்கிறதோ அங்கே வண்டி ஏறுகிறது. சில நேரம் எதிர்த்திசையில். அது மிக ஆபத்தானது, மறுக்கவில்லை. 120இல் வரும் காருக்கு எதிரே ஒரு விளக்கில்லா வண்டி வருவதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது. அந்த ஆபத்தை அறிவிப்புப் பலகையால் தீர்த்துவிடலாம் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

பெங்களூரு பைக் குழுக்கள் சில வேறொரு தீர்வு சொல்கின்றன: பெரிய இயந்திரம் கொண்ட வண்டிகளை மட்டும் விடலாம் என்று. தைவான் 2007 நவம்பரில் அதைத்தான் செய்தது; 550 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும் சில விரைவுப் பாதைகளைத் திறந்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை உணவுக்காக வெளியூர் செல்லும் இரண்டு லட்ச ரூபாய் வண்டிக்குச் சாலை, இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் ஸ்பிளெண்டருக்கு மறுப்பு என்று அது முடியும். சீனச் சட்டத்தின் அளவுகோல் இதைவிட நேர்மையானது. 70 எட்டுகிறதா என்று மட்டும் அது கேட்கிறது, விலையைக் கேட்கவில்லை. அந்த அளவுகோலில் 100 சிசி வண்டி தேறும், எக்ஸ்.எல். மொபெட் தேறாது. தேறாததற்கு நியாயமும் உண்டு.

மலேசியாவில் உறவினர் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு மூன்றாவது வழி ஒன்று தெரிந்திருக்கும். கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனித்தடம் போட்டார்கள். பின்னர் அதை நீட்டித்தபோது, நீட்டித்த பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்தன என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டார்கள். மலேசியா சொர்க்கம் இல்லை. சாலையில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அங்கே மோட்டார் சைக்கிள்காரர்கள். ஆனாலும் காப்பற்றவருக்கு என்ன காப்பு தரலாம் என்று ஓர் அரசு கேட்டுப் பார்த்ததன் அடையாளம் அந்தத் தடம்.

ஆகவே நான் கேட்பது, நாளைக் காலையே எல்லா வண்டிகளையும் 120க்கு நடுவே விட வேண்டும் என்பதன்று. தொடர்ச்சியான பக்கச் சாலையோ தனித்தடமோ இல்லாத இடத்தில் தடை மட்டும் முதலில் வரக் கூடாது. தடை விதிப்பதானால், திருப்பி அனுப்பப்படும் வண்டி எந்தச் சாலையில் போகும், அதில் நடுத்தடுப்பும் விளக்கும் உண்டா என்பதை அதே அறிவிக்கையில் எழுத வேண்டும். பழைய சாலையில் நிகழும் சாவுகளையும் புதிய சாலையின் கணக்கோடு சேர்த்து வெளியிட வேண்டும்.

கர்நாடகப் பகுதியைப் பொறுத்தவரை இவையெல்லாம் காலங்கடந்த கோரிக்கைகளாகத் தோன்றலாம். ஆனால் இதே சாலை பலமனேர், சித்தூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம் கடந்து திருப்பெரும்புதூர்வரை போகிறது. தோல் தொழிற்சாலைக்கும் கார் தொழிற்சாலைக்கும் பணிமுறை மாற்றி மாற்றி மோட்டார் சைக்கிளில் செல்லும் மக்கள் அந்த வழியெங்கும் இருக்கிறார்கள். அந்த மாவட்டங்களில் இதைப் படிக்கும் நண்பர்கள், உங்கள் ஊர் எல்லையில் பக்கச் சாலை வரைபடத்தில் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேளுங்கள். பதில் வந்தால் இங்கே பின்னூட்டத்தில் இடுங்கள், தொகுத்து வெளியிடுகிறேன்.