ஹாட்யாய்க்குக் காரில் போகிறீர்களா? காப்புறுதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், சுங்கை வே வட்டாரத்தில் ஹாட்யாய்ப் பேச்சு தொடங்கிவிடும். இரவில் கிளம்பி, ஏறக்குறைய 500 கிலோமீட்டர் ஓட்டி, விடிகாலையில் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையில் வரிசை பிடிப்பது பல குடும்பங்களுக்குப் பழகிப்போன ஒன்று.

2025 நவம்பர் 21ஆம் தேதி ஹாட்யாயில் ஒரே நாளில் 335 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஆயிரக்கணக்கான மலேசியர்கள் தங்கும் விடுதிகளில் சிக்கிக்கொண்டனர். ஆட்களைப் படகிலும் லாரியிலும் மீட்டார்கள். வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு யார் பணம் கொடுப்பது?

"எல்லையில்தான் காப்புறுதி வாங்கினோமே" என்பார்கள். அது தாய்லாந்துச் சட்டப்படி கட்டாயமான காப்புறுதி. விபத்தில் மனிதர்களுக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டுமே அது பணம் தரும். உங்கள் காருக்கும் தராது, நீங்கள் மோதிய காருக்கும் தராது.

நம் நாட்டில் எடுத்த முழுக் காப்புறுதியோ பொதுவாக மலேசியா, சிங்கப்பூர், புருணையோடு நின்றுவிடும். தாய்லாந்துக்குத் தனியாகப் பணம் கட்டி நீட்டிக்க வேண்டும். வெள்ளத்துக்கும் பெரும்பாலும் தனிக் கட்டணம்தான். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நஷ்டம் உங்கள் தலையில். கார் போனாலும் வங்கித் தவணை போகாது. ஒன்பது ஆண்டுக் கடன் எடுத்தவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே கிளம்பும் முன் காப்புறுதி முகவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "தாய்லாந்தில் வெள்ளம் வந்தால் என் காருக்குப் பணம் கிடைக்குமா?" பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றவையும் கவனத்தில் இருக்கட்டும். கடப்பிதழ் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 2025 மே 1 முதல் தாய்லாந்தின் மின்னியல் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் அகப்பக்கத்தை நம்பாதீர்கள். கார் வேறொருவர் பெயரில் இருந்தால் அவரது அனுமதிக் கடிதம் தேவை. சுங்கத் துறை தரும் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். அதில் உள்ள தேதிக்குள் கார் திரும்பாவிட்டால் அபராதம். அங்கே அவசரம் என்றால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தப் பக்கம் மழைக்காலம். விடுதிக்கு முன்பணம் கட்டிவிட்டோமே என்பதற்காக மழை எச்சரிக்கையை மீறி வண்டியை எடுக்காதீர்கள். முன்பணம் சில நூறு ரிங்கிட்தான்.