கண்ணுக்கு ஒரு நீதி, காதுக்கு ஒரு நீதியா?

கண் பார்வை சற்றே மங்கினால் நாம் தயங்குவதில்லை. வகுப்பறைப் பலகையைப் பார்க்கப் பிள்ளை கண்ணைச் சுருக்குகிறான் என்று ஆசிரியர் சொன்ன அன்றே பெற்றோர் அவனைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துச் செல்கின்றனர். மறுவாரம் மூக்குக் கண்ணாடியுடன் வரும் பிள்ளையை எவரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. ஆனால் காது மந்தமானாலோ நம் போக்கே மாறிவிடுகிறது. சிறுவனைக் "கவனமில்லாதவன்" என்று கடிகிறோம். பாட்டனாரை "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். செவிக் கருவி அணியலாமே என்று யாரேனும் சொன்னால் குடும்பமே நாணுகிறது. கண்ணுக்கு ஒரு நீதி, காதுக்கு ஒரு நீதி என்னும் இவ்வழக்கம் அறிவுக்குப் பொருந்தாது. இதனால் விளையும் இழப்போ மிகப் பெரிது.

செவியின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். ஒலி செவிப்பறையை அதிரச் செய்கிறது. நடுச்செவியிலுள்ள மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் செவிச்சுருளில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. அவையே அதிர்வை மின் துடிப்பாக்கி நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன. அச்சுருளுள் ஒலியலை பரவும் முறையை ஆராய்ந்தறிந்த ஜார்ஜ் வான் பெக்கெசி என்னும் அறிஞர் 1961-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். தோலில் பட்ட காயம் ஆறிவிடும். மனிதரின் மயிரணுவோ ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

பிறக்கும் குழந்தைகளுள் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கேனும் பெருஞ்செவிக்குறை இருக்கக்கூடும். அதனைத் தாய் உடனே அறிய இயலாது. கேளாத குழந்தையும் சிரிக்கும், மழலையொலி எழுப்பும். ஈராண்டு கடந்தும் பேச்சு வரவில்லையே என்று கவலை பிறக்கும் போது, மொழி வேரூன்றவேண்டிய பொற்காலம் பெரும்பாலும் கழிந்திருக்கும். இக்குறையை நீக்க வழி காட்டியது 1978-ஆம் ஆண்டில் லண்டனில் டேவிட் கெம்ப் வெளியிட்ட கண்டுபிடிப்பு. நல்ல செவிக்குள் ஓர் ஒலியைச் செலுத்தினால் உட்செவியே மெல்லிய எதிரொலியைத் திருப்பி அனுப்புகிறது என்று அவர் காட்டினார். அதனால் உறங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். வலியில்லை, குழந்தை விடை சொல்லவும் வேண்டியதில்லை.

சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இச்சோதனை செய்யும் திட்டம் 2002-ஆம் ஆண்டில் தொடங்கியது. ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் நோய் உறுதி, ஆறு மாதத்திற்குள் சிகிச்சை என்பது உலகில் பலரும் ஏற்ற நெறி. ஆயினும் முதற்சோதனையில் ஐயம் எழுந்தால் மீண்டும் அழைத்து வருமாறு மருத்துவர் கூறும்போது, "நம் வீட்டில் யாருக்கும் அப்படி இல்லையே" என்று சொல்லி வாராதிருக்கும் பெற்றோர் எங்கும் உண்டு. செவிக்குறையுடன் பிறக்கும் குழந்தைகளுள் மிகப் பலர் நன்றாகக் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர் என்பதை இவர்கள் அறிதல் வேண்டும். அக்காள் மகள், மாமன் மகள் என நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் நம் பழைய வழக்கம் இவ்வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதும் மறைக்கத்தக்க செய்தியன்று.

பிறவியில் குறையில்லை என்றால் கவலையே இல்லை என்றும் கொள்ளலாகாது. சளி பிடித்த பின் நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வது சிறுவரிடையே மிகுதி. அப்போது ஒரு நாள் கேட்கும், மறுநாள் மந்தமாகும். சொல்வதெழுதுதலில் "பல்லி" என்று சொன்னது அப்பிள்ளைக்குப் "பள்ளி" என்று கேட்கலாம். எழுத்துப் பிழைக்கெல்லாம் காதே காரணம் என்று கூறவில்லை. ஆனால் அடிக்கடி "என்ன?" என்று கேட்கும் பிள்ளையையும், தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும் பிள்ளையையும் தண்டிக்கும் முன் சோதித்துப் பார்ப்பதே முறை. கோத்த நீர் பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் தானே வடிந்துவிடும். வடியாவிடில் செவிப்பறையில் மிகச் சிறிய குழாய் பொருத்தி மருத்துவர் சரிசெய்வர். காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவதும் கொண்டை ஊசியால் குடைவதும் தீமையே செய்யும். செவிப்பறையில் துளையிருந்தால் கேடு இருமடங்காகும்.

வருமுன் காத்தலிலும் தொடக்கப்பள்ளிக்குப் பங்குண்டு. கருவுற்ற தாயை ரூபெல்லா என்னும் அம்மை தாக்கினால் பிறக்கும் குழந்தை செவியிழக்கக்கூடும். ஆதலின் சிங்கப்பூரில் 1976-ஆம் ஆண்டில் தொடக்கப்பள்ளி முடிக்கும் மாணவியருக்கு அதற்குரிய தடுப்பூசி போடத் தொடங்கினர். அன்று பள்ளியில் கை நீட்டி ஊசி போட்டுக்கொண்ட சிறுமியர், பின்னாளில் தாம் பெறவிருந்த மக்களின் செவியைக் காத்தனர்.

முற்றும் கேளாத செவிக்கும் இன்று மருத்துவம் உண்டு. ஆஸ்திரேலியாவில் கிரேம் கிளார்க் என்பவரின் தந்தை மருந்துக் கடை நடத்தியவர், செவிக்குறை உடையவர். தந்தை பட்ட இடரைக் கண்டு வளர்ந்த அவர், செவிச்சுருளுக்குள் மின்கம்பிகளைச் செலுத்தி நரம்பைத் தூண்டும் பல்தட உட்செவிக் கருவியை உருவாக்கி, 1978-ஆம் ஆண்டில் மெல்பர்ன் நகரில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார். தமிழ்நாட்டில் ஏழைக் குழந்தைகளுக்கு இவ்வறுவை மருத்துவம் அரசின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் நடைபெறுகிறது. எனினும் கருவி பொருத்தியதும் பேச்சு வந்துவிடாது. ஆண்டுக் கணக்கில் பயிற்சி வேண்டும். இதனை விரும்பாதாரும் இதனால் பயன் பெறாதாரும் சைகைமொழியால் கல்வியில் சிறக்கின்றனர். தாமே செவிப்புலன் இழந்தவரான பெங் சூ யிங் 1954-ஆம் ஆண்டிலேயே இங்குச் செவித்திறன் குன்றியோர்க்கெனப் பள்ளி தொடங்கினார். 2018 முதல் மேஃபிளவர் தொடக்கப்பள்ளியில் இத்தகைய பிள்ளைகள் மற்ற பிள்ளைகளுடன் ஒரே வளாகத்தில் பயில்கின்றனர்.

இனி நம் வீட்டு முதியோரை நினைப்போம். 1950-களில் உருவாகத் தொடங்கிய குவீன்ஸ்டவுன், சிங்கப்பூரின் முதல் துணை நகரம். ஆதலின் இங்கு முதியோர் மிகுதி. அவருட் பலர் கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் இரைச்சலிடையே உழைத்து இந்நகரை எழுப்பியவர்கள். அவ்வுழைப்புக்குத் தம் செவியையும் விலையாகத் தந்தவர் அவருள் உண்டு. இன்று பேரப்பிள்ளை பேசும் தமிழ் அவருக்குக் கேட்கவில்லை. இருமுறை கேட்டுவிட்டு, பின் கேளாமலே தலையசைக்கிறார். வீட்டில் தமிழ் ஒலிக்க உறுதுணையான உறவு இவ்வாறு மெல்ல மௌனமாகிறது.

இம்மௌனம் மூளைக்கும் நல்லதன்று. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான ஏறத்தாழ ஆயிரம் பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆய்வில் கலந்துகொண்டோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை. ஆயின் அறிவுத்திறன் தளரும் வாய்ப்பு மிகுந்திருந்த பிரிவினருள், செவிக் கருவியும் ஆலோசனையும் பெற்றோரிடம் அத்தளர்ச்சி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நம் நாட்டிலும் 60 வயதைக் கடந்தோர்க்குக் கண், செவி, பல் ஆகிய மூன்றையும் சோதிக்கும் திட்டம் 2018-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தகுதியுடைய முதியோர்க்குச் செவிக் கருவி வாங்க அரசாங்க உதவித் தொகையும் உண்டு. பொருள் ஒருபுறம் இருக்க, நாணமே இன்னும் பெருந்தடையாக நிற்கிறது.

மாணவச் செல்வங்களே! உங்கள் செவியின் காவலர் நீங்களே. வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதாயின் சிறுவர்க்கு 75 டெசிபலே எல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒலி 3 டெசிபல் கூடுந்தோறும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். பெருவிரைவு ரயிலின் இரைச்சலை வெல்ல ஒலியை உயர்த்தும்போது இதனை நினையுங்கள். வகுப்பில் செவிக் கருவி அணிந்த தோழன் இருந்தால், அவன் முகம் பார்த்துத் தெளிவாகப் பேசுங்கள், எள்ளி நகையாடாதீர்கள்.

பெற்றோரே! வள்ளுவப் பெருந்தகை "கேள்வி" என்று தனி அதிகாரமே வகுத்தார். அதனை மனப்பாடம் செய்யுமாறு பிள்ளையைப் பணிக்கும் நாம், அப்பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று ஒருமுறை சோதித்தறிவதும் கடமையன்றோ? இவ்வாண்டுப் பள்ளி விடுமுறையிலேயே நம் பிள்ளையையும் பாட்டனார் பாட்டியாரையும் செவிச் சோதனைக்கு அழைத்துச் செல்வோமாக. மூக்கில் கண்ணாடி ஏற்ற நம் சமுதாயம், காதில் கருவியையும் அவ்வாறே ஏற்பதாக!